கஸ்தூரிச் சிமிழ்

என் மேஜையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளிச் சிமிழ் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சின்னது. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். திருகத் தெரியாதவர்கள் அதோடு மல்லுக்கட்டுவார்கள். என்னைப் பார்க்க வருகிற பழைய மாணவர்கள், இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் பெரிய நாற்காலிகளில் இருப்பவர்கள், அதைக் கையிலெடுத்து, “சார் பொடி போடுவீங்களா?” என்று கேட்பதுண்டு. இல்லை என்பேன். திறந்து மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் லேசாகக் கஸ்தூரி மணக்கும். உள்ளே ஒன்றுமில்லை. ஆயுள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தும் உடற்கூறு பாடம் நடத்தியும் பிழைத்த எனக்கு, இந்தக் காலி டப்பாவைவிடப் பெருமையான சொத்து வேறில்லை. இது என் மன்னி எனக்குக் கொடுத்தது.

மன்னி எங்கள் அண்ணாவைக் கைப்பிடித்து மைசூருக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அண்ணாவுக்கு ரயில்வேயில் வேலை. அரசிகெரே பக்கம் ஒரு ஸ்டேஷனில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, மாதம் ஒரு தடவை வந்து போவார். ஆகவே அக்ரஹாரத்து வீட்டில் இருந்தது அப்பா, மன்னி, நான், பிறகு பிறந்த அண்ணாவின் பெண் குழந்தை, இவ்வளவுதான். அப்பா சமஸ்கிருதப் பாடசாலையில் பண்டிதர். பூர்வீகம் மேல்கோட்டை. எங்கள் வம்சத்தாருக்கு அங்கே கோவிலில் முதல் தீர்த்தம் உண்டு என்பதை யாராவது மறந்துவிட்டால், அவரே நினைவுபடுத்துவார்.

எங்கள் வீட்டில் மாட்டுப்பெண் மாமனாரோடு நேரில் நின்று பேசுவதில்லை. இது யாரும் எழுதி வைத்த சட்டமல்ல; ஆனால் சட்டத்தைவிடக் கெட்டியாக இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் மன்னி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “அரிசி நாளையோட தீர்ந்துடும்” என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்வாள். அப்பா கூடத்துத் தூணைப் பார்த்து, “வாங்கிடலாம்” என்பார். நான் வீட்டில் இருந்தால் இரண்டு பக்கத்துச் செய்திகளையும் சுமப்பது என் வேலை. எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. அந்த எட்டு வருஷத்தில் அப்பா மன்னியின் முகத்தை நேராகப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம்.

மன்னி கன்னடப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். நான் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தபோது அதிகமாகச் சந்தோஷப்பட்டவள் அவள்தான். நான் உரக்கப் படித்து உருப்போடுகிற பேர்வழி. சாயங்காலம் சமையலறை வாசற்படியில் புத்தகத்தோடு உட்கார்ந்து கத்துவேன்; உள்ளே அவள் காய் நறுக்கிக்கொண்டு கேட்பாள். எலும்புகள் அவளுக்கு அலுப்புத் தட்டின. நரம்புகள் தலையைச் சுற்றின. சுரப்பிகள் வந்ததும் அரிவாள்மணையை நகர்த்திவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பாடத்தை அவளுக்குத் தமிழில் சொன்னபோதுதான் எனக்கே விளங்கியது. சுரப்பிகளில் இரண்டு ஜாதி. ஒன்றுக்குக் குழாய் உண்டு: எச்சில், கண்ணீர், வேர்வை, தாய்ப்பால் எல்லாம் அப்படிக் குழாய் வழியாக வெளியே வருகிறவை. மாட்டின் மடியும் அந்த வகைதான். பட்டுப்புழு நூல் விடுவதும் உடம்புக்குள் இருக்கிற ஒரு சுரப்பியிலிருந்துதான். கஸ்தூரி என்பது ஆண் மானின் தொப்புளுக்குக் கீழே இருக்கிற பையில் சேர்வது. புனுகு பூனைக்கு வால் அடியில். இன்னொரு ஜாதிக்குக் குழாயே கிடையாது. கழுத்தில் ஒன்று, மூளைக்கு அடியில் ஒன்று, சிறுநீரகங்களின் தலைமேல் ஒவ்வொன்று. அவை சுரப்பதை நேரே ரத்தத்தில் விட்டுவிடும். உடம்பு முழுக்கப் போய்ச் சேரும்.

“அப்போ அது கொல்லைக் கதவே இல்லாத சமையல்கட்டு,” என்றாள் மன்னி. “யாருக்குப் போடறதுன்னு வெளியில தெரியாது. நின்னுபோனாதான் எல்லாரும் பட்டினின்னு தெரியும்.” இதைவிடச் சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிற்பாடு வகுப்புகளில் நான் வருஷா வருஷம் இதைத் திருடிச் சொன்னேன்.

அன்றைக்கு அவள் அதோடு விடவில்லை. “வேர்வைக்குச் சுரப்பி இருக்குன்னயே. நம்ம குழந்தைக்கு வேர்க்கறதே இல்லைடா. கோடையிலகூடத் தொட்டா ஜில்லுனு இருக்கா. அது எந்தச் சுரப்பி?”

நான் சிரித்துவிட்டேன். பாடம் பாடமாக இருந்தது எனக்கு. வீடு வீடாக இருந்தது. குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பார்க்க இரண்டு வயதுபோல் இருப்பாள். உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். அழமாட்டாள், ஓடமாட்டாள், எதையும் இழுத்துப் போடமாட்டாள். நவராத்திரிக்கு வந்த மாமிகள், “எத்தனை சமத்து! கொலுவுல இன்னொரு பொம்மை மாதிரின்னா இருக்கா!” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அப்பாவும் அது சாத்விக குணம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மன்னி ஒரு பட்டுப் பாவாடையை என் புத்தகத்தின்மேல் கொண்டுவந்து போட்டாள். வளர்கிற குழந்தைக்குத் தைக்கிற பாவாடையில் கீழே மடிப்புகள் வைத்துத் தைப்பார்கள். உயரம் கூடக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவார்கள். அதில் மூன்று மடிப்பு இருந்தது. மூன்றும் தைத்தபடியே இருந்தன. “ரெண்டு வயசுல தைச்சது. இந்த நவராத்திரிக்கும் இதையேதான் கட்டிவிட்டேன். அளவா இருந்தது. இதைச் சமத்துன்னு சொல்றவா சொல்லட்டும். நீ டாக்டருக்குப் படிக்கறவன், நீயுமா?” என்றாள். அப்புறம் விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு வயது வரை நடந்தாள், நாலு வார்த்தை பேசினாள், பிறகு நின்றுபோயிற்று. குரல் கட்டைக் குரலாகிவிட்டது. தோல் சொரசொரவென்று இருக்கிறது. நாக்குத் தடித்துப் பல்லுக்கு வெளியே வருகிறது. வெளிக்குப் போவது வாரத்துக்கு இரண்டு தடவை. தலைமயிர் முரட்டுத் தேங்காய்நார்போல் உதிர்கிறது. “இத்தனைக்கும் தனித்தனியா வியாதி இருக்க முடியுமா? ஒரே இடத்துல ஏதோ நின்னுபோயிருக்கு. அது எந்த இடம்னு உன் வாத்தியாரைக் கேளு.”

அவள் சொன்னதை அப்படியே வரிசையாக என் புத்தகத்தில், இரண்டு நாளுக்கு முன் உருப்போட்ட பக்கத்தில், படித்திருந்தேன். படத்தோடு. அந்தப் படத்தில் இருந்த முகத்தை ஐந்து வருஷமாகத் தினமும் தூக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். பார்க்கத் தெரியவில்லை.

குழந்தையை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் காட்டினேன். அப்பாவிடம் அம்மை குத்திக்கொண்டு வரப் போவதாகச் சொல்லி வைத்தோம். பேராசிரியருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை; கழுத்தைத் தடவினார், நாக்கைப் பார்த்தார், பாவாடை மடிப்புக் கதையைக் கேட்டார். கழுத்துச் சுரப்பி வேலை செய்யவில்லை என்றார். மருந்து உண்டு, இப்போதே தொடங்கினால் குழந்தை தேறிவிடும், தாமதித்தால் புத்தி போனது போனதுதான் என்றார். பிறகு என்னைத் தட்டிக்கொடுத்து, “யாரப்பா கண்டு ஹிடிதவரு?” என்று கன்னடத்தில் கேட்டார். கண்டுபிடித்தது யார் என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திப் பாராட்டினார். நான் அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

மருந்து என்ன என்பதுதான் இடி. ஆட்டின் கழுத்துச் சுரப்பியை எடுத்து, உலர்த்தி, பொடித்துச் செய்த மாத்திரை. சீமையிலிருந்து பம்பாய் வழியாக வரும். மண்டி மொஹல்லாப் பேட்டையில் ஒரே ஒரு மருந்துக் கடைக்காரர் வரவழைத்துக் கொடுப்பார். குழந்தை ஆயுசு முழுக்க அதைச் சாப்பிட வேண்டும்.

வெங்காயம் நுழையாத வீடு எங்களுடையது. கடையில் வாங்கிய ரொட்டியை நான் ஒருதரம் சட்டைப்பையில் கொண்டுவந்ததற்கு அப்பா என்னை வாசலிலேயே குளிக்க வைத்தார். ஆட்டு மாமிசத்தை உலர்த்திப் பேத்திக்குக் கொடுக்கிறோம் என்று அவரிடம் யார் சொல்வது? மன்னி, “சொல்லிடலாமேடா. குழந்தை பிழைக்கணும்னா வேண்டாம்னா சொல்லுவார்?” என்றாள். நான்தான் பயந்தேன். ஒளித்துக் கொடுக்கிற யோசனையும் என்னுடையதுதான். குளிர்காலத்தில் குழந்தைகளுக்குக் கஸ்தூரி மாத்திரை கொடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். மன்னியே வீட்டில் உருட்டி வைப்பாள். அதைப்போலவே இதையும் உருட்டிவிட்டால் யார் கண்டது?

மன்னிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தாள், செய்ததை ஒழுங்காகச் செய்தாள். சீமை மாத்திரையை ஒவ்வொன்றாகத் தனியே பொடித்து, துளசிச் சாறும் தேனும் விட்டு, ஒரு மாத்திரைக்கு ஓர் உருண்டை என்று அளவு பிசகாமல் உருட்டி, வாசனைக்குக் கஸ்தூரி துளி சேர்த்து, நிழலில் உலர்த்தினாள். கஸ்தூரி மாத்திரை வைக்கிற வெள்ளிச் சிமிழைக் கழுவித் துடைத்து அதில் போட்டு, சமையலறை மாடத்தில் வழக்கமான இடத்திலேயே வைத்தாள். அப்பாவைப் பற்றிக் கவலையில்லை. அவர் எந்த மருந்தும் சாப்பிடாதவர். “நான் ஔஷதம் தொட்டு முப்பது வருஷம் ஆச்சு” என்பது அவருடைய இன்னொரு முதல் தீர்த்தம்.

தீபாவளி கழிந்து ஆரம்பித்தோம். இரண்டாவது வாரத்தில் குழந்தையின் மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி வந்தது. மன்னி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அது வழிந்து விழும் வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். நாலாவது வாரத்தில் குழந்தை ஒரு சொம்பை உருட்டிவிட்டாள். தோலில் மினுமினுப்பு வந்தது. முகத்து வீக்கம் வடிந்து கண்கள் பெரிதாகத் தெரிந்தன. ஒருநாள் அப்பா பூஜை முடித்துத் தீர்த்தம் கொடுக்கும்போது, எப்போதும் நாம்தான் பிடித்து நீட்ட வேண்டிய கையைத் தானே நீட்டி, “தாத்தா, இன்னும்” என்றாள். அப்பா உத்தரணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என்னிடம், “பாத்தயாடா, பெருமாள் தீர்த்தத்தோட மகிமை” என்றார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் மன்னி என்ன நினைத்தாளோ தெரியாது.

மார்கழி பிறந்தது. கோவிலில் விடியற்காலை கோஷ்டியில் பாசுரம் சேவிப்பதில் அப்பாதான் முன்னணி. அவர் எடுத்துக்கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். அந்த வருஷம் குளிர் கடுமை. ஐந்தாறு நாளில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. முப்பது வருஷ வீம்பு ஒரு பக்கம், முன்னணி ஸ்தானம் ஒரு பக்கம். என்ன செய்தார் தெரியுமா? எல்லாருக்கும் முன்னால் குளித்து மடியாகச் சமையலறைக்குள் போகிறவர் அவர்தானே. மாடத்திலிருந்த சிமிழைத் திறந்து, யாருக்கும் தெரியாமல், தொண்டைக்கு நல்லது என்று கஸ்தூரி மாத்திரை சாப்பிட ஆரம்பித்துவிட்டார். காலையில் மூன்று, பாடசாலை போய்வந்து மூன்று. மருந்து சாப்பிடாத மனிதருக்கு அளவு தெரியவில்லை.

மூன்றாம் நாளே மன்னிக்கு எண்ணிக்கை இடித்தது. நாலாம் நாள் விடியலில் அவர் சிமிழை மூடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டாள். வெளிறிப்போய் என்னிடம் ஓடிவந்தாள். “பெரியவா சாப்பிட்டா என்ன ஆகும்?” என்று கேட்டாள். நான் சொன்னேன்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயசானவர்களுக்கு இதயத்துக்கே ஆபத்து. “இன்னிக்கே சொல்லிடு,” என்றாள். சொல்கிறேன் என்றேன். எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்று கேட்டேன். “எடுத்து வெச்சா மட்டும் போறாதுடா. காணோம்னா வாய்விட்டுத் தேடமாட்டார். தொண்டைக்கு வேற எதையாவது எங்கேயாவது வாங்கிச் சாப்பிடுவார். ஏற்கெனவே உள்ளே போனதுக்கு வைத்தியம் வேண்டாமா? சொல்லத்தான் வேணும். நீ சொல்லு, இல்லைன்னா நான் சொல்லணும். நான் எப்படிடா சொல்லுவேன்?” என்றாள். சிமிழை அப்போதே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. சிமிழ்தான் அவர் கைக்கு எட்டாமல் போயிற்றே, தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

ஆனால் உள்ளே போனது அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அப்பா மார்கழிக் குளிரில் மேல்துண்டை எறிந்துவிட்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு மடங்கு சாப்பிட்டார்; ஆனாலும் இளைத்தார். கோஷ்டியில் அவருடைய வேகத்துக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. மற்றவர்கள் பாதி சேவிக்கும்போது அவர் அடுத்ததற்குப் போய்விட்டாராம். “ஸ்வாமிக்கு வயசு குறைஞ்சுண்டே போறது” என்று எல்லாரும் வியந்தார்களாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலை பூஜை முடிந்து தீர்த்தம் கொடுக்க உத்தரணியை எடுத்தார். கை நடுங்கியது. தீர்த்தம் என் உள்ளங்கையில் விழாமல் தரையில் சிந்தியது. தீர்த்தத்தைச் சிந்துவது அவர் ஆயுசில் நடக்காத காரியம். இன்னொரு தடவை முயன்றார். அதுவும் சிந்தியது. மார்பைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். எண்ண முடியாத ஓட்டம். அப்போதும், அடித்துச் சொல்கிறேன், அப்போதும் எனக்கு நாக்கு எழவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. மன்னி வெளியே வந்தாள். மடிப் புடவையோடு, தலை குனியாமல், கூடத்தைக் கடந்து வந்து அப்பாவுக்கு நேர் எதிரே நின்றாள். சுவரைப் பார்க்கவில்லை. தூணைப் பார்க்கவில்லை.

“மாமா, நீங்க சாப்பிட்டது கஸ்தூரி இல்லை,” என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். மன்னி எல்லாவற்றையும் சொன்னாள். என்ன வியாதி, என்ன மருந்து, எதிலிருந்து செய்தது, எப்படி உருட்டினாள், எங்கே வைத்தாள். ஒளித்துக் கொடுக்கிற யோசனை என்னுடையது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். “ஒளிச்சது நான். தப்பு. நீங்க என்ன பிராயச்சித்தம் சொன்னாலும் பண்றேன். இப்போ நீங்க படுத்துக்கணும். உங்க பிள்ளை போய் டாக்டரை அழைச்சுண்டு வரட்டும்.”

“ஆட்டு மாமிசம்,” என்றார் அப்பா. குரல் வெளியே வரவில்லை. “என் வாயில. பெருமாள் தீர்த்தம் குடிக்கற வாயில.”

“ஆமாம் மாமா.”

“அதைக் கொண்டா இங்கே.” கையை நீட்டினார். “ஆத்துல ஒரு நிமிஷம் இருக்கப்படாது.”

மன்னி இடுப்பிலிருந்த சிமிழைக் கையில் எடுத்தாள். கொடுக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் அதைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள். மூடி நசுங்கியது அன்றைக்குத்தான் என்பது என் நம்பிக்கை, அவள் ஒப்புக்கொண்டதில்லை.

“இதை மட்டும் தரமாட்டேன், மாமா,” என்றாள். “குழந்தை உங்களைத் தாத்தான்னு கூப்பிட்டாளே, அது இது. கையை நீட்டி இன்னும்னு கேட்டாளே, அதுவும் இதுதான். நிறுத்தினா மறுபடி பொம்மையா உக்காந்துடுவா. நீங்க பெருமாளுக்குச் சாத்தற கஸ்தூரி மானோட சுரப்பி. புனுகு பூனையோட சுரப்பி. கட்டிண்டிருக்கற பட்டு புழுவோட சுரப்பி. பால் பசுவோடது. உங்க பிள்ளை படிக்கறச்சே கேட்டுத் தெரிஞ்சுண்டேன். பெருமாளுக்கு ஆறது என் குழந்தைக்கு ஆகாதா?”

“அதுவும் இதுவும் ஒண்ணா? பாலுக்காகப் பசுவைக் கொல்றதில்லை,” என்றார் அப்பா.

“கஸ்தூரிக்கு மானை விட்டுடறாளா, மாமா?”

அப்பா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். நான் ஓடினேன். டாக்டர் வந்து பார்த்து, நல்ல வேளை நிறுத்தியது, ஒரு வாரம் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும் என்று மருந்து கொடுத்தார். இதயம் தப்பியது.

ஒரு வாரம் அப்பா யாரோடும் பேசவில்லை. பூஜையை என்னைச் செய்யச் சொல்லி ஜாடை காட்டினார். எட்டாம் நாள் நடுக்கம் நின்றதும் மேல்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது வாசலில் திரும்பிப் பார்க்காமல், “வந்து சொல்றேன்” என்றார். என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம். அண்ணாவிடமே போய்விடுவதென்று மன்னி தன் டிரங்குப் பெட்டியை இறக்கினாள். குழந்தையின் பாவாடைகள், தன் இரண்டு புடவைகள், அடுத்த மாதத்துக்கு வரவழைத்த மருந்துப் புட்டி ஆகியவற்றை அடுக்கினாள். “ஸ்டேஷன் குவாட்டர்ஸ்ல ஒரே ரூம்தான். இருக்கட்டும். அங்கேயும் ஆறு மாசத்துல ஒரு மடிப்புப் பிரிப்பேன்,” என்றாள். அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. நான்தான் ஒளிக்கச் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்கிறேன் என்றேன். “இப்பவா?” என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் அப்பா திரும்பி வந்தார். கல்யாணித் திருக்குளத்தில் குளித்து, பஞ்சகவ்யம் சாப்பிட்டு, புதுப் பூணூலோடு, பாதியாக மெலிந்து. மறுநாள் காலை அவரே பூஜைக்கு உட்கார்ந்தார். வழக்கமாகச் சந்தனத்தோடு கஸ்தூரியைக் குழைப்பவர், அன்றைக்குச் சந்தனமும் பச்சைக் கற்பூரமும் மட்டும் எடுத்தார். கஸ்தூரி இருந்த சின்னப் புட்டியை என் பக்கம் நகர்த்தி, “இது இனிமே வேண்டாம். ஒரு உயிர் போறது குழந்தைக்காகன்னு இருந்துட்டுப் போகட்டும். பெருமாளுக்கு வேண்டாம்,” என்றார்.

எனக்குத் தீர்த்தம் கொடுத்தார். கை நடுங்கவில்லை. குழந்தைக்குக் கொடுத்தார். பிறகு சமையலறைக் கதவைப் பார்த்து, சுவரைப் பார்த்தல்ல, கதவைப் பார்த்து, “குழந்தைக்கு இன்னிக்கு ஔஷதம் ஆயித்தா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை, மாமா.”

“கொண்டாம்மா. நான் கொடுக்கறேன். இந்த ஆத்துல மருந்தை ஒளிச்சுக் கொடுக்க வேண்டாம்.”

மன்னி வந்தாள். சிமிழை இடது கையில் இறுக்கப் பிடித்தபடி, வலது கையில் ஒரே ஓர் உருண்டையை எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சிமிழைக் கொடுக்கவில்லை. அப்பா உருண்டையைப் பார்த்தார், அவளுடைய மூடிய இடது கையைப் பார்த்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவளைப் பார்த்துச் சிரித்தேவிட்டார். தீர்த்தம் கொடுத்த அதே கையால் குழந்தையின் வாயில் அதைப் போட்டார். அவர் இருந்தவரை தினமும் அப்படித்தான் நடந்தது. தினமும் ஓர் உருண்டைதான் அவர் கைக்குப் போயிற்று. சிமிழ் கடைசிவரை போகவில்லை.

அந்தப் பாவாடையின் முதல் மடிப்பை ஆடி மாதம் பிரித்தாள். அடுத்த நவராத்திரிக்கு மூன்றும் போய்விட்டன. புதிது தைக்க வேண்டியிருந்தது. கொலுவுக்கு வந்த மாமிகளின் முன்னால் அந்தக் குழந்தை இரண்டு பொம்மையை உடைத்தாள். மன்னி அவளைத் திட்டவில்லை. உடைந்த துண்டுகளை எல்லாரும் பார்க்கும்படி ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். அந்த வாரமே நான் பேராசிரியரிடம் போய், கண்டுபிடித்தது நானல்ல, என் மன்னி என்று சொன்னேன். வருஷம் ஒன்று தாமதமாக. அவர் என்னை எதுவும் சொல்லவில்லை. மன்னிக்கு ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினார்.

அண்ணா பெண்ணுக்குக் கல்யாணம் நடந்த வருஷம் மன்னி சிமிழை எனக்குக் கொடுத்தாள். மாத்திரைகள் அதற்குள் கண்ணாடிப் புட்டியில் அழகாக வர ஆரம்பித்திருந்தன, உருட்ட வேண்டியதில்லை. “எனக்கெதுக்கு மன்னி, உங்க பொண்ணுக்குக் கொடுங்கோ” என்றேன். “அவளுக்கு எதுக்கு? அவதான் வாயை மூடவே மாட்டேங்கறாளே,” என்றாள். “உனக்குத்தான் வேணும். மேஜைமேல வெச்சுக்கோ. சொல்ல வேண்டியதைச் சொல்லாம நாளைக்குன்னு தள்ளறச்சே இதைப் பாரு.” அவள் போய்ப் பல வருஷமாகிறது. அப்பாவிடம் சொல்லாமல் நான் தள்ளிய அந்த நாட்களுக்காக அவள் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதென்றால் அது இதுதான்.

பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை. கட்டி இருக்கிறது என்று ஒரு தாயிடம் சொல்ல வேண்டியிருக்கும். நாளைக்குச் சொல்லலாமே என்று தோன்றும். கண் தானாக மைக்கூட்டுப் பக்கம் போகும். சொல்லிவிடுவேன். வகுப்பில் சுரப்பிகள் பாடம் தொடங்குகிற நாளில், கழுத்துச் சுரப்பிக் குறையை எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தது நாலாம் வகுப்பு படித்த ஒரு பெண்மணி என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன்.

போன வாரம் அண்ணா பெண் வந்திருந்தாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்டிரஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னும் பேச்சில் ஓய்வில்லை. பேசிக்கொண்டே கைப்பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்தாள். வாயில் போட்டுக்கொள்ளுமுன் பழக்கதோஷத்தில் அதை என் கையில் வைத்து, “கொடுங்கோ, சித்தப்பா” என்றாள். தாத்தா கையால் வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவள். நான் அவள் உள்ளங்கையில் போட்டேன். அவள் விழுங்கிவிட்டு மறு நொடியே விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். பேசும்போது அவள் மூக்கு நுனியில் சின்னதாக ஒரு வேர்வை முத்து. நான் அவள் சொன்னது எதையும் கேட்கவில்லை. சிமிழை எடுத்துக் கைக்குள் இறுக்க மூடிக்கொண்டு அந்த முத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.